கண்ணடித்தால் பக்கம் திரும்பும்

திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவன் நான். டேப்லெட் வாங்கியதும் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஆப், கண்சிமிட்டினால் பாட்டுத்தாளின் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டு கையும் தாளம் காட்டும்போது மூன்றாவது கைக்கு எங்கே போவது? குழுவுக்குச் செய்து காட்டினேன்.

"இந்த வயசுல சார் கண்ணடிக்கப் படிக்கிறாரு," என்றார் ஆல்ட்டோ வரிசை அக்கா.

ஒன்றை மறந்துவிட்டேன். தனிப்பாட்டுப் பாடுகிறவர்களுக்கு 'தொடங்கு' என்று நான் சைகை காட்டுவதும் கண்சிமிட்டித்தான். பல வருடப் பழக்கம்.

அந்த ஞாயிறு, குழுவில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு முதல் தனிப்பாட்டு. கேட்பதற்காக அவள் அம்மா போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கண்ணடித்தேன். அவள் தொடங்கினாள். பக்கம் திரும்பியது. அவளுக்குப் பாட்டு மனப்பாடம். தாள் வேண்டியது எனக்குத்தான். பயந்தால் என் இடதுகண் துடிக்கும். இது அதுவரை என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அன்று டேப்லெட்டும் கண்டுபிடித்தது. துடிக்கத் துடிக்கப் பக்கங்கள் ஓடி, அடுத்து வரவேண்டிய காணிக்கைப் பாட்டில் போய் நின்றன. என் மூளையும் அங்கேயே நின்றது. இரண்டு கையையும் உயர்த்தி அந்தப் பாட்டின் தாளத்தைக் காட்டினேன்.

என் கையைத் தவிர வேறெதையும் பார்க்காதே என்று குழுவைப் பழக்கியவனும் நானே. மொத்தக் குழுவும் முழு மூச்சில் காணிக்கைப் பாட்டைப் பிடித்தது. காணிக்கைப் பையோடு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். அவள் இரண்டாவது வரியில் திறந்த வாயோடு நின்றாள். அவள் அம்மா, மகள் பாடவேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பர்ஸைத் திறந்து சில்லறை தேடினார். கொழுந்து கிள்ளிக் காய்த்த அந்தக் கைகளை நான் பார்த்திருக்கக் கூடாது.

ஆராதனை முடிந்ததும் வாசலுக்கு ஓடினேன்.

"தப்பெல்லாம் என்மேல மோளே. அடுத்த ஞாயிறு..."

"அடுத்த ஞாயிறு அம்மை வரமாட்டா சாரே. லீவு கிட்டாது."

"அப்போ இப்பவே பாடு. இங்கயே."

என் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். "அது காருக்குள்ள போகட்டும்."

போட்டுப் பூட்டினேன்.

"கண்ணும் மூடணும்."

கார்களுக்கு நடுவே, கண்களை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். முழுப் பாட்டையும் பாடினாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை. அவள் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று தோன்றியது. திறக்க எனக்கு என்ன யோக்கியதை?

பாட்டு முடிந்தது. அம்மாவின் குரல் மட்டும் மெல்லக் கேட்டது:

"சாரு நின்னுக்கிட்டே தூங்கிட்டாரு பாவம். எழுப்பாத, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."