ரிவர்ஸ்டன் பனியில் ஆட்டோ குடித்த தேநீர்

“...இனி இழுக்காதீங்க மல்லி, பிளக் நனைஞ்சிதுன்னா கடவுளே வந்தாலும் ஸ்டார்ட் ஆகாது” என்று ஒரு குரல் கேட்டது. நாலு வருஷத்துக்கு முந்திய மார்கழிக் காலை. ரிவர்ஸ்டன் மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, பனிமூட்டத்தில், என் பழைய ஆட்டோவின் லீவரை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து நின்றேன். பின்சீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மாத்தளை ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். போனில் சிக்னல் இல்லை.

“உங்க ஆட்டோவுக்கு முன்னால நான் ஸ்டார்ட் ஆயிருவேன் போலிருக்குங்க” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

குரல் கொடுத்தவர் எதிர்ப்பக்கமிருந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர். அலுவிகாரையில் வீடாம். சிங்களவர், ஆனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. என்னைத் தம்பி என்பதற்குத்தான் சிங்களத்தில் ‘மல்லி’ என்றார். இன்ஜின் மூடியைத் தூக்கி, காபரேட்டரைத் தொட்டுப் பார்த்தார். “உள்ளே ஐஸ் பிடிச்சிருக்கு.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. “இது என்ன ஐஸ்பழப் பெட்டியா ஐயா?”

அவர் என் கையைப் பிடித்துக் காபரேட்டரின் மேல் வைத்தார். சுரீரென்றது. வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில், நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாகக் குட்டி விமானம் ஒன்று கட்டிப் பறந்தவராம். ஈரக்காற்றில் பெட்ரோல் ஆவியாகும்போது, வெளியே உறையாத குளிரிலும் காபரேட்டரின் தொண்டை உறைந்து அடைத்துக்கொள்ளும் என்றார். அதற்காகவே, இன்ஜின் சூடு பட்ட காற்றை உள்ளே இழுக்க விமானத்தில் தனிக்குழாய் வைப்பார்களாம். நானோ, ‘மலை ஏற நல்லா மூச்சு விடட்டும்’ என்று கராஜில் சொன்னதைக் கேட்டு, காற்றுக்குழாயைக் குளிருக்கு நேராக வெளியே நீட்டி வைத்திருந்தேன்!

அவர் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, ஆவி பறக்கும் இஞ்சிப் பிளேன்டீயைக் காபரேட்டரின் மேல் மெல்ல ஊற்றினார்.

“பிள்ளை பெறப் போறவளுக்கு இல்லாத டீ, ஆட்டோவுக்கா?” வலியிலும் என் மனைவியின் வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுப்பாங்க நங்கி” என்று, தங்கையிடம் பேசுவதுபோல் சிரித்தார். குழாயை இன்ஜின் பக்கம் திருப்பி, தன் மழைக்கோட்டு நாடாவால் கட்டினார். நான் லீவருக்குப் பாய, தடுத்தார். “சூடு உள்ளே இறங்கட்டும். ஆகாயத்தில ஓரமா நிப்பாட்ட இடமில்ல மல்லி. நமக்குத்தான் ரோடு இருக்கே!”

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பதறாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்தச் சில நிமிடங்களில்தான் தெரிந்தது. பிறகு ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது!

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எங்களுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது.

மகள் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். என் ஆட்டோவில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீர் இருக்கும், வழியில் நிற்கும் யாருக்காவது உதவுமே என்று. அன்று அவர் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மனைவியை உள்ளே அழைத்துப் போனதும் நன்றி சொல்ல ஓடி வந்தேன். எதிர்த்திசையில் போக வேண்டிய அந்த மனிதர் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, வெறும் ஃபிளாஸ்க்கோடு பைக்கைத் திருப்பி, மறுபடியும் ரிவர்ஸ்டன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.