செல்லக்கிளி வாங்கிய ஸ்கேனர்

செல்லக்கிளியிடம் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊர் வடக்குத்தில் இன்றைக்கும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். என் பெயர் காந்திமதி. சுரங்கத்து வண்டி ஷெட்டில் பதினேழு வருஷமாக அவளோடு சேர்ந்து ஜீப் கழுவுகிறேன். அவள் கதையை மற்றவர்கள் சொன்னால் பாதி வயிற்றெரிச்சலாக இருக்கும், அதனால் நானே சொல்கிறேன்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். நாங்கள் இரண்டு பேரும் கான்ட்ராக்ட். வண்டி கழுவுவது, டீசலில் பார்ட்ஸ் துடைப்பது, தரை கூட்டுவது, இவ்வளவுதான் வேலை. நான் கழுவினேன், வீட்டுக்கு வந்தேன். அவள் கழுவிக்கொண்டே எலக்ட்ரீஷியன் கையைப் பார்த்தாள். எந்த ஒயர் எங்கே போகிறது, மீட்டர் முள் ஏன் ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றாள். எலக்ட்ரீஷியன் லீவு போட்ட அன்றைக்கு ஜீப் கிளம்பவில்லை என்றால் “செல்லக்கிளியக் கூப்புடு” என்பார்கள். ரிஜிஸ்டரில் மட்டும் அவள் பெயருக்கு நேரே ‘கிளீனிங்’ என்றே இருக்கும். கேட்டுப் பார்த்தாள், ஐ.டி.ஐ. சர்டிபிகேட் எங்கே என்றார்கள்.

நான்கு வருஷம் முன்பு ஓர் அதிகாரி ரிடையர் ஆகி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். அவர் மகன் ஆசையாக வாங்கி, வெளிநாடு போகும்போது விட்டுப்போன கார் அங்கே வேப்பமரத்தடியில் மக்கிக்கொண்டிருந்தது. இரண்டே சீட்டு, தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்புக் கார். பழைய இரும்புக்காரன் கேட்ட அதே விலைக்கு இவள் கேட்டாள். ஆர்.சி.யும் இவள் பெயருக்கு மாறியது. குடியிருக்கிற வீடு மாமனார் பெயரில், செய்கிற வேலை கான்ட்ராக்டர் பெயரில். தன் பெயரில் இருக்கிற ஒரே பொருள் அதுதான் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

பெட்ரோல் டாங்கைக் கழுவி, புது பாட்டரி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அதை ஓட வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவாள். நானும் போயிருக்கிறேன். ஊரே கண் வைத்தது. போன சித்திரையில் ஒரு காலை வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. தெருவுக்கு ஒரே கொண்டாட்டம்!

கார் நின்ற இடம் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வாசல். அவள் வீட்டுக்காரரின் அண்ணன் தெய்வசிகாமணி, சுரங்கத்தில் பர்மனென்ட், அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். அவர் மகள் இசைப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். பந்தலுக்கு இடம் வேண்டும்.

“வெள்ளிக்கிழம காலைல பண்ருட்டியில இருந்து இரும்புக்கட லாரி வருது. அதுக்குள்ள ஓடுச்சின்னா ஓட்டிகினு போ. ஓடலைன்னா இரும்புக்குப் போவட்டும்” என்றார்.

“ஓடும் மாமா.”

“தமிழ்மாறனே கைய விரிச்சிட்டான். நீ என்னாத்த கிழிக்கப் போற?”

தமிழ்மாறன் கடைவீதி மெக்கானிக். அகலமான டேப்லெட் போல ஒரு ஸ்கேனர் வைத்திருக்கிறான். வண்டி நின்ற முதல் வாரமே வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினான். திரையை எட்டிப் பார்க்கப் போனவளிடம், “உனக்கு என்னா புரியும், தள்ளு” என்று முதுகைத் திருப்பிக்கொண்டான். பழுதைக் காட்டும் கோட் எதுவும் வரவில்லையாம். பிறகு சாவியை ஒரே ஒரு தடவை திருப்பினான். “கோடும் வரல, வண்டியும் கெளம்பல. கம்ப்யூட்டர் காலி. அது வாங்கற காசுக்கு இந்த வண்டியே வாங்கிடலாம்” என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போனான். ரொம்பப் பெரிய டாக்டர்!

“இனிமே அவன் முதுகப் பாத்துகினு நிக்க மாட்டேன்டி. ஸ்கேனர நானே வாங்கறேன்” என்றாள் செல்லக்கிளி.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து கடலூருக்கு பஸ் ஏறினோம். ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் எங்கள் யூனிபார்ம் புடவையை மேலும் கீழும் பார்த்தார்.

“வூட்டுக்காரரக் கூட்டிகினு வாங்கம்மா.”

“அவரு மஸ்கட்ல கம்பி கட்டறாரு. வண்டி என்னுது. எங்கிட்டப் பேசுங்க.”

அவர் முதலில் தமிழ்மாறன் வைத்திருப்பதைப் போன்ற பெரியதைக் காட்டினார். புதுச் சாவிக்கே கோட் ஏற்றலாம் என்றார். “என் சாவி தொலையல” என்று தள்ளி வைத்தாள். அடுத்து உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னது. கோட் காட்டும், அழிக்கும், அவ்வளவுதான். “அழிக்கறதுக்கு எதுக்குங்க மெஷினு? ஸ்டார்ட் அடிக்கும்போது இன்ஜின் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு அப்பவே நம்பர்ல காட்டுமா?” காட்டாது. அதையும் தள்ளினாள். மூன்றாவது நடுத்தரமானது. தனித் திரை, தனி ஒயர். ஓடுகிறபோதே எண் காட்டும், பழுது வந்த நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்று பதிந்து வைக்கும், பிரேக்கையும் ஏர்பேக்கையும் சேர்த்துப் படிக்கும். தன் கார் கம்பெனியும் வருஷமும் பட்டியலில் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடினாள். இருந்தது. அதோடு விட்டாளா?

“உங்க கார்லயே சொருகிக் காட்டுங்க.”

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாசலில் நின்ற தன் காரில் சொருகினார். அதில் இரண்டு கோட் வந்தது. மனுஷன் முகம் விழுந்துவிட்டது. “நல்லா வேல செய்யிதுங்க, இதையே குடுங்க” என்றாள் இவள். பஸ்ஸில் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு ஒரு நாள்தான் நிலைத்தது. புதன்கிழமை சாயங்காலம் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தமிழ்மாறனும் வேலை வெட்டி இல்லாமல் வந்து நின்றான். செல்லக்கிளி பாட்டரியில் மாட்டியிருந்த சிவப்பு அட்டையை எடுத்துவிட்டு, ஒயரைப் பூட்டி, ஸ்கேனரைச் சொருகினாள். பழுது எதுவும் பதிவாகவில்லை என்றது திரை.

“நான் சொன்னேன்ல? காசப் புடிச்ச கேடு” என்றான் தமிழ்மாறன். தெய்வசிகாமணி லாரிக்காரனுக்கு அங்கேயே போன் போட்டு, வெள்ளிக்கிழமை ஏழு மணி என்று உறுதி செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவள் பாட்டரி ஒயரைக் கழற்றி, அட்டையை மாட்டிவிட்டு உள்ளே போனாள். சாப்பிடவில்லை.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் எந்த மெஷினைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் கரண்டை வெட்ட வேண்டும், பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். மாட்டாமல் கை வைத்தால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். பதினேழு வருஷத்தில் அது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. நான் வீட்டில் மிக்சி கழுவும்போதுகூட மெயினை அணைக்கிறவள். செல்லக்கிளி தன் காரைத் தொடும் ஒவ்வொரு தடவையும் பாட்டரியைக் கழற்றி அட்டை மாட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஷெட்டில் ஒரு கரண்ட் பேனலுக்கு வேலை வந்தது. எலக்ட்ரீஷியன் லைனை வெட்டி அட்டை மாட்டினார். முடித்துவிட்டு லைன் கொடுத்ததும் பேனலில் இருந்த கடிகாரம் பூஜ்யம் பூஜ்யம் என்று விட்டு விட்டு எரிந்தது. செல்லக்கிளி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

“காந்திமதி, நான்தான்டி அழிச்சேன்!”

“எதைடி?”

“கோட! பாட்டரியக் கழட்டுனா வண்டிக்கு எல்லாம் மறந்து போவுது. ஒவ்வொரு நாளும் நானே கழட்டிகினு இருந்தேன். தமிழ்மாறன் வந்தப்பவும் அதான். அவன் பாத்தது மறந்து போன வண்டிய.”

அன்று சாயங்காலம் பாட்டரியைப் பூட்டியவள் அப்புறம் கழற்றவே இல்லை. அட்டை இல்லாமல் கரண்ட் ஓடுகிற வண்டிக்கு முன்னால் நிற்கவே எங்கள் இருவருக்கும் உடம்பு கூசியது. “சாவியப் புடிச்சிகினே இரு. நான் சொல்றவரைக்கும் வுடாத” என்றாள். பிடித்தேன். இன்ஜின் சுற்றிச் சுற்றி அலறியது. திரையில் இன்ஜின் வேகம் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. மூன்றாவது தடவை கோட் வந்தது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய சென்சார் வாயே திறக்கவில்லை.

அதன் பிறகு பாட்டரியைக் கழற்றினாள், அட்டையையும் மாட்டினாள். டார்ச்சோடு காருக்கு அடியில் போனவள், “எலிடீ! எலி ஒயரக் கடிச்சிருக்குது! இம்மாம்பெரிய டாக்டரு கம்ப்யூட்டர் காலின்னானே!” என்று கத்தினாள். நான் வாய்விட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒயரைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் வீட்டில் இல்லை. விடிந்ததும் எலக்ட்ரீஷியன் வீட்டில் இரவல் வாங்கலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை லாரி ஆறரைக்கே வந்துவிட்டது. இரவல் அயர்னோடு செல்லக்கிளி காருக்கு அடியில் படுத்திருந்தாள், இரண்டு கால்தான் வெளியே தெரிந்தது. லாரிக்காரன் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்தான். நான் குறுக்கே நின்றேன். “ஏழு மணின்னுதானே பேச்சு? இன்னும் இருவது நிமிஷம் கெடக்குது. அதுவரைக்கும் எவனாவது கை வச்சிப் பாருங்க!” தெருவே கூடிவிட்டது. தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாட்சைப் பார்த்தார்.

அவள் எழுந்து வந்தாள். முகமெல்லாம் கரி. பாட்டரியைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் லாரிக்காரன் சங்கிலியோடு பின்னுக்குப் போனான். நான் விசிலடித்தேன், நாற்பத்து மூன்று வயதில்!

தெய்வசிகாமணி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்த முகமாக டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

“பரவால்லியே! எறங்கு, நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்.”

அவள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த கையையும் எடுக்கவில்லை.

“அந்தப் பக்கம் ஏறுங்க மாமா.”

அவர் முகம் சிவந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்தினார், காரைச் சுற்றி நடந்தார். கூரை தாழ்வாக இருந்ததால் தலையை நன்றாகக் குனிந்துதான் ஏற முடிந்தது.

“பெல்ட்டு போடுங்க” என்றாள்.

அவர் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் அவள் கியரைத் தொட்டாள்.