எனக்காக ஊற்றிய கூழ்

எனக்கு இருப்பது பைபோலார் மனநோய் என்று டாக்டர் சொன்னது பிற்பாடு. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என் நோய்க்குப் பெயர் செல்போன்.

அந்த வெயில் காலம் முழுக்க எனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. எங்கள் ஆவடியின் கோவில்பதாகை ஏரியைக் காப்பாற்ற ஒரு வாட்ஸ்அப் குரூப், ஏரிக் கொக்குகளுக்குத் தனியாக ஒன்று, இரண்டு குரூப்புக்கும் சண்டை வந்ததால் சமரசம் பேச இன்னொன்று. எல்லாவற்றுக்கும் நானே அட்மின். பல் தேய்த்தபடியே லைவில் பேசினேன். விலகி ஓடியவர்களைப் பிடித்துத் திரும்பச் சேர்த்தேன். என் மைத்துனன் நம்பரையே மாற்றிவிட்டான். நான் போனைக் கீழே வைத்தால் ஆவடியே நின்றுபோகும் என்று சத்தியமாக நம்பினேன். என் மனைவி அம்மன் கோயிலுக்குப் போய், "தாயே, இந்த மன்ஷன் போனை வுட்டுட்டா தெருவுக்கே கூழ் ஊத்துறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் விட்டுவிட்டேன். போனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சோறும் குளியலும் பேச்சும்கூடத்தான் பிடிக்கவில்லை. ஆனால் அதெல்லாம் வேண்டுதலில் இல்லையே! செத்துப்போனால் தேவலை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். வேண்டுதல் பலித்துவிட்டதென்று வாசலில் ஸ்பீக்கர் கட்டினார்கள்.

கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. சொம்போடு வந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

"அண்ணாத்தே, சூப்பரா திருந்திட்டியே! என் பையன் ஒருத்தன் கீறான், அவனுக்கும் இன்னா பண்லாம்னு சொல்லேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்கு வாய் எழவில்லை. "அடக்கம்கூட வந்துட்ச்சு பாரும்மா" என்று என் மனைவியிடம் மெச்சிக்கொண்டார். அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் டம்ளரில் கூழ் கொண்டுவந்தாள். நான் திரும்பவில்லை. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கண்ணீர் தலையணையை நனைத்திருந்தது. அவள் எழுந்து போய் என் போனை எடுத்துவந்து கையில் வைத்தாள். என் விரல்கள் மடங்கவில்லை. அது பாயில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"கொஞ்ச நேரம் நோண்டுய்யா" என்றாள், அழுதுகொண்டே. "எதுனா பாரு. எவனையாச்சும் குரூப்ல சேத்து வுடு. என்னைக்கூட சேத்துக்கோ."