எந்த மாற்றம் கடைசி

வீட்டில் இஸ்திரி போடுவது எப்போதும் அவன்தான். மனைவியின் ஆபீஸ் உடுப்பை முதலில் முடித்துவிட்டுத்தான் தன் சட்டையை எடுப்பான். காலரை இரண்டு பக்கமும் தேய்ப்பான். ஆபீசில் அவனுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். பாராட்டி வைத்ததல்ல.

இருவரும் ஒரே கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவர்கள். அவள் டீம் லீடர். அவன் அந்த டீமில் ஒருவன். வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். வீடுவீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒரே நோயாளியின் விவரத்தை அந்த நிறுவனத்தின் ஆபீசில் இருப்பவரும் மருந்து கொண்டுபோகும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு விதமாக மாற்றினால், எதை வைத்துக்கொள்வது?

வெர்ஷன் எண் வைக்கலாம் என்றான் அவன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் ஒன்று கூடும். பழைய எண்ணோடு எழுத வருகிறவரை, 'வேறொருவர் மாற்றிவிட்டார், பார்த்துவிட்டு எழுதுங்கள்' என்று மென்பொருள் திருப்பி அனுப்பிவிடும். நேரத்தைப் பதிந்தால் போதும் என்றாள் அவள். அவரவர் கருவி காட்டும் நேரத்தில் எது பிந்தியதோ, அது நிற்கும்.

"வண்டி ஓட்டுறவங்க ரோட்ல நின்னு உன் எண்ணைப் பார்த்து யோசிச்சுக்கிட்டு இருப்பாங்களா?"

"யாராவது கடிகாரத்தை மாத்தி வெச்சா?"

"கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான், மழை வந்தா என்ன பண்றதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்," என்று டீமில் இருந்த மற்றவர்களிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தான்.

மாற்றித்தான் வைத்திருந்தார்கள். தாமதமானால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டுமே என்று, சீக்கிரமே கிளம்புவதற்காக வண்டிக்காரர்கள் பலர் தங்கள் கருவியின் கடிகாரத்தை முந்தி ஓடவிட்டிருந்தார்கள். சர்க்கரை நோயாளியான ஒரு பெண் வீடு மாறினாள். பழைய முகவரிக்குப் போன வண்டிக்காரர் 'கதவு பூட்டியிருக்கிறது' என்று பதிந்தார். சற்று நேரம் கழித்து ஆபீசில் புது முகவரியைப் பதிந்தார்கள். ஆனால் முந்தி ஓடிய கடிகாரத்தால் வண்டிக்காரருடையதே, பழைய முகவரியோடு, பிந்திய பதிவாக நின்றது. புது முகவரி சத்தமில்லாமல் அழிந்தது. இன்சுலின் பூட்டிய வீட்டுக்கே போய்ப் போய்த் திரும்பியது. அந்தப் பெண் இப்போது ஆஸ்பத்திரியில், நினைவில்லாமல் கிடக்கிறாள்.

இன்று விசாரணை. மென்பொருளின் அந்தப் பகுதியை எழுதியவன் என்று பதிவாகியிருப்பது அவன் பெயர். யாரையாவது வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று மேனேஜர் ஜாடை காட்டிவிட்டார். அவன் அன்று வேண்டாமென்றது வெறும் வாய்ப்பேச்சு, எழுத்தில் எதுவும் இல்லை. அன்று அதைக் கேட்டிருந்தவர்கள் டீம் லீடரின் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

அவன் இஸ்திரிப் பெட்டியை அணைத்தான்.

"உன்கிட்டதான் முதல்ல கேப்பாங்க. நான் வேணாம்னு சொன்னதைச் சொல்லுவியா?"

"வேணாம்னு சொன்னே. அப்புறம் எழுதிக் குடுத்தே. தெரிஞ்சவன் ஏன் எழுதினே?"

"நீ சொன்னே, எழுதினேன்."

"நான் சொல்றதையெல்லாம் கேக்கிற ஆளா நீ? பாத்ரூம் குழாய் இன்னும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு."

வேறொரு நாளென்றால் அவன் சிரித்திருப்பான்.

"வெளையாடாதே."

"வெளையாடலை. உனக்கு வேலை போனா நான் இருக்கேன், சமாளிச்சுக்கலாம். எனக்குப் போனா, ஒருத்தன் சம்பளத்துல என்ன ஓடும்?" கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். கணக்கை அவள் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"குழாயும் வேணாம், சம்பளமும் வேணாம். சொல்லுவியா, மாட்டியா?"

அவள் கட்டிலுக்கடியில் குனிந்து இன்னொரு காலின் செருப்பைத் தேடி எடுத்தாள். மாட்டிக்கொண்டாள். அறையை விட்டுப் போனாள்.