'எனக்குத் தெரியும்' என்று சொல்கிற சபை

சுன்னாகத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது காலை ஐந்தரை. தேத்தண்ணி குடிக்கவில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குடிக்கலாம் என்று நினைத்தால், அங்கே கிளிநொச்சி பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் ஏறியதுதான் மிச்சம். தேத்தண்ணி இல்லாத காலையில் என்னோடு கதைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்படிப்பட்டவன் அன்றைக்குப் போய்க்கொண்டிருந்ததோ தேத்தண்ணியைத் தொட்டும் பார்க்காத ஆட்களிடம்.

மோர்மன்கள் என்று ஒரு கூட்டம். அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவ வழி. பைபிளோடு மோர்மன் புத்தகம் என்று இன்னொன்றையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். தேத்தண்ணி, கோப்பி, சாராயம், சுருட்டு எல்லாம் விலக்கு. சம்பளத்துக்குப் போதகர் கிடையாது. கடையில் வேலை செய்கிறவரும் வயல் செய்கிறவரும் மாறி மாறிச் சபையை நடத்துவார்கள். ஊழியத்துக்கு வருகிற இருபது வயதுப் பெடியனை 'மூப்பர்' என்று கூப்பிடுவார்கள். நான் முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன்.

சிரிக்கிற பயணம் அல்ல இது. தவராசா என்னோடு படித்தவன். மோட்டர் திருத்துவதில் கெட்டிக்காரன். மல்லாவியில் கலாவைக் கட்டி, அங்கேயே வயலும் லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினும் என்று இருந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை. சண்டையின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக இருவரும் வெளியே வந்தபோது, ஆண்கள் சிலரை ஆமிக்காரர் தனியாக நிற்கச் சொன்னார்கள். "நீ போ, நான் வாறன்" என்றானாம். கலா பார்த்த கடைசித் தவராசா அவன்தான்.

சுன்னாகத்தில் அவனுடைய தமையன் பாலண்ணை சில வருடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் படத்துக்கு மாலை போட்டார். கிரியைகளையும் செய்து முடித்தார். கலா வரவில்லை. அதிலிருந்து இரண்டு பேருக்கும் கதை இல்லை. போன கிழமை பாலண்ணை என்னைக் கூப்பிட்டு, "நீ போறாய்தானே, அவளுக்குச் சொல்லு. எந்தச் சமயமெண்டாலும் இருக்கட்டும், செத்தவனைச் செத்தவன் எண்டு சொல்லட்டும். எத்தனை வருஷத்துக்கு இப்பிடி?" என்றார். அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. தவராசா உயிரோடு இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

என்னை வரச்சொல்லிக் கேட்டது கலா. "அண்ணை, வாற மாசம் முதல் ஞாயிறு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. சபையில நான் ஒரு சொல்லுச் சொல்லவேணும். தனியச் சொல்லப் பயமாக் கிடக்கு" என்று தொலைபேசியில் சொன்னாள். என்ன சொல் என்று கேட்டதற்கு, வாங்கோ, வந்தாப்போல சொல்லுறன் என்று வைத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி அறுபத்தெட்டுக் கிலோமீற்றர். ரிக்கற் முந்நூற்றிருபது ரூபா. ஆனையிறவு தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் வற்றிய கடல்நீரேரி, வெள்ளை உப்புத் திட்டுகள், நடுவே ஒரு மரம்கூட இல்லை. பரந்தனுக்கு அப்பால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக வயல்கள் பச்சையாகக் கிடந்தன. இராணுவ முகாம்களின் கம்பிவேலிகளும் அந்தப் பச்சைக்கு நடுவேதான் வருகின்றன. பஸ்ஸில் ஒருவரும் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. பழகிவிட்டது.

கிளிநொச்சியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கிற வீடு என்று சொல்ல, ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"ஓ, அந்தத் தேத்தண்ணி குடியாத ஆக்களிட்டயோ?"

"ஓம். எப்பிடி ஆக்கள்?"

"நல்ல சனம் அண்ணை. சத்தம் சந்தடி இல்லை. ஆனா என்ர மாமான்ர செத்தவீட்டில அவையில ஒருத்தர் வந்து, குடுத்த தேத்தண்ணியை அப்பிடியே வைச்சிட்டுப் போட்டார். மாமிக்கு இன்னும் அந்தக் கோவம் ஆறேல்ல."

"தேத்தண்ணிக்கோ கோவம்?"

"செத்தவீட்டுத் தேத்தண்ணி அண்ணை. அதைக் குடியாட்டி அந்தச் சாவை நீங்கள் ஏற்கேல்ல எண்டமாதிரியெல்லோ?"

முந்நூறு ரூபா வாங்கிக்கொண்டு, ஒரு நீலக் கேற்றுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போனான்.

வாடகை வீடு. மேலே சிலுவை இல்லை. இவர்கள் சிலுவை வைப்பதில்லையாம். முற்றத்து வேப்பமரத்தின் கீழே கலா நின்றாள். பருத்திச் சேலை, நெற்றியில் குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. முகம் காய்ந்து போயிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு இவர்களுக்கு உபவாச நாள். நேற்றுப் பின்னேரத்திலிருந்து இன்று பின்னேரம் வரை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. மிச்சம் பிடிக்கிற சாப்பாட்டுக் காசு இல்லாதவர்களுக்குப் போகும்.

"இந்த வெயிலில தண்ணியும் குடியாமலோ? மல்லாவியிலயிருந்து மாங்குளத்தில பஸ் மாறி வந்தனீரெல்லோ?" என்றேன்.

"கடைசி நேரம் பங்கருக்குள்ள இதைவிடக் கூடக் கிடந்தனாங்கள் அண்ணை. அப்ப ஆரும் உபவாசம் எண்டு சொல்லேல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மல்லாவிக்கு ஊழியத்துக்கு வந்த இரண்டு மூப்பர்மார் ஒருநாள் படலையில் நின்றிருக்கிறார்கள். கையில் குடுத்த தேத்தண்ணியை வேண்டாம் என்றதில் முதலில் அவளுக்கும் கோபம்தான். பிறகு அவர்கள் சொன்ன ஒரு விசயத்தில் மனம் நின்று, சபையில் சேர்ந்துவிட்டாள். மற்றக் கோயில்களில் கலியாணம் சாகும்வரைக்கும்தான். இவர்களிடம் அப்படியில்லை. ஆலயம் என்று இவர்கள் சொல்லும் இடத்தில் புருசனையும் பெண்சாதியையும் சேர்த்து முத்திரை வைத்தால் சாவுக்கு அப்பாலும் அது அழியாதாம். செத்தவர்களுக்காக உயிரோடிருக்கிறவர்கள் நின்று ஞானஸ்நானமும் எடுக்கலாம், முத்திரையும் வைக்கலாம். அந்த ஆலயம் இலங்கையில் இல்லை, கடல் கடந்து போகவேண்டும். வருகிற வருடம் சபையார் சிலர் போகிறார்கள். கலாவின் பெயரும் அதில் இருக்கிறது. மூன்று போக நெல் விற்றுச் சேர்த்திருக்கிறாள்.

"அப்ப என்ன தடை?" என்றேன்.

"அவர் செத்தவர் எண்டு நான் சொல்லவேணும். செத்த ஆளுக்குத்தான் வேறயாள் நிண்டு செய்யலாமாம். பத்து வருஷத்துக்கு மேல போட்டுது, குடும்பத்து ஆள் அவர் இல்லையெண்டது தெளிவு எண்டு சொன்னாக் காணும் எண்டு சபைத் தலைவர் சொல்லுறார். இண்டைக்குச் சொல்லச் சொன்னவர்."

பாலண்ணை சொல்லிவிட்டதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "சொல்லும் கலா. சொன்னா அவனோடதானே இருக்கப்போறீர்" என்றேன். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பதினைந்து பேர் இருப்பார்கள். பிளாஸ்ரிக் கதிரைகள், இரண்டு காற்றாடிகள். அந்த வெக்கையிலும் ஆண்கள் வெள்ளைச் சேட்டுக்கு ரை கட்டியிருந்தார்கள். தலைவர் இராசநாயகம் வவுனியாவில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்கிறவர். ஐம்பது வயது, மெல்லிய குரல். அவரே திருவிருந்துக்கான பாணைப் பிட்டு ஆசீர்வதித்துக் கொடுத்தார். வைனுக்குப் பதிலாக இவர்களுக்குத் தண்ணீர். விரலளவு பிளாஸ்ரிக் கோப்பையில் ஒரு மிடறு. அன்று முழுவதும் கலாவின் வாய்க்குள் போன தண்ணீர் அவ்வளவுதான்.

பிறகு சாட்சி சொல்லும் நேரம். முதல் ஞாயிறுகளில் பிரசங்கம் இல்லை, விரும்பியவர் எழும்பிச் சொல்லலாம். எழும்பிய எல்லாரும் ஒரே மாதிரித்தான் தொடங்கினார்கள். "இந்தச் சபை உண்மையானது எண்டு எனக்குத் தெரியும்." "பரலோகத் தகப்பன் என்னை நேசிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்." பூநகரியிலிருந்து வந்த ஒரு மீன்பிடிகாரர், போன மாசம் தன் மகனின் காய்ச்சல் மாறியது செபத்தால்தான் என்று தனக்குத் தெரியும் என்றார். நம்புகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரியும், தெரியும் என்றே சொன்னார்கள். தேத்தண்ணி இல்லாத தலையிடியோடு இருந்த எனக்கு எரிச்சல் வந்தது. இந்த மண்ணில் நின்றுகொண்டு இத்தனை பேருக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையும்தான்.

கலா எழும்பினாள். இராசநாயகம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவருக்கு அவள்மேல் உண்மையான அக்கறை. அந்த ஒரு சொல்லை அவள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் உள்ளுக்குள் செபித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

"சகோதர சகோதரிகளே, குடும்பம் அழியாது எண்டு எனக்குத் தெரியும்" என்று தொடங்கினாள். நின்றாள். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "என்ர அவர்..." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "என்ர அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. நடந்துதான் போனவர். வாறன் எண்டு சொல்லிப்போட்டு நடந்துதான் போனவர். செத்ததை நான் காணேல்ல. எனக்குத் தெரியாததைத் தெரியும் எண்டு இந்த இடத்தில நிண்டு சொல்லமாட்டன்."

கதிரையில் இருந்துவிட்டாள். வழமையாகச் சாட்சி முடிந்ததும் எல்லாரும் ஆமென் என்பார்கள். இதற்கு ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்சம் பிந்தி, பூநகரிக்காரர் மட்டும் தனியே "ஆமென்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் இராசநாயகம் எங்களை முன் விறாந்தையில் இருத்தினார். கோபம் இல்லை, கவலைதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் சபையின் விதியைத் தேடி எடுத்தார்.

"சகோதரி, இவ்வளவு கிட்ட வந்திட்டு... நீங்கள் ஆலயத்துக்குப் போகலாம். உங்களுக்கு உரியதைச் செய்யலாம். ஆனா அவரோட முத்திரை வைக்கேலாது."

"எப்ப ஏலும்?"

"செத்தது தெளிவில்லாத ஆக்களுக்கு வேற விதி இருக்கு." அவருக்கு அதை வாசிக்க விருப்பமில்லை. "அவை பிறந்த நாளிலயிருந்து நூற்றிப்பத்து வருஷம் போகவேணும். அதுக்குப் பிறகுதான்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். தவராசாவின் நூற்றிப்பத்துக்கு இன்னும் ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு மேல். கலாவும் இருக்க மாட்டாள், நாங்கள் ஒருவரும் இருக்க மாட்டோம். இதையெல்லாம் ஒரு விதி என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை வந்தது. ஆனால் கலா முன்னால் சாய்ந்து இருந்தாள்.

"அப்ப அதுவரைக்கும் உங்கட விதியில அவர் உயிரோடயோ?"

இராசநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "ஓம்... அப்பிடித்தான் எடுக்கவேணும்."

"நூற்றிப்பத்து வயசு மட்டும்?"

"ஓம், சகோதரி."

"அப்ப எனக்கு அது காணும், போதும்" என்றாள் கலா. அதற்குப் பிறகுதான் அழுதாள். "ஊர் விதானை அவரைச் செத்தவர் எண்டு பதியச் சொன்னார். கந்தோரில அப்பிடிப் பதிஞ்சாத்தான் நட்டஈட்டுக் காசு எண்டினம். அவற்ர அண்ணை மாலை போட்டார். எல்லாரும் அவரைச் சாக்காட்டிப்போட்டினம். இங்கயாவது அவர் இருக்கட்டும்."

நான் கொண்டுபோன செய்தி என் வாய்க்குள்ளேயே நின்றது. முற்றத்தில் அதைப் பாதி சொல்லியாயிற்றே என்பது வெட்கமாக இருந்தது.

பதினொன்றரைக்கு இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழியில், கண்டி வீதி ஓரத்தில் காணாமல் போனவர்களின் உறவுகள் போராட்டமாக இருக்கிற தகரக் கொட்டகை. ஞாயிறு என்பதால் மூன்று பெண்கள்தான். பிளாஸ்ரிக் போட்ட படங்கள் வரிசையாகத் தொங்கின. தவராசாவின் படம் இரண்டாவது வரிசையில். பாலண்ணை வீட்டில் பெருப்பித்து மாலை போட்டிருப்பதும் இதே படம்தான். இங்கே மாலை இல்லை. வெயில் பட்டு மூக்கும் வாயும் வெளிறி, கண்கள் மட்டும் கறுப்பாக இருந்தன.

"என்ன பிள்ளை, சொல்லிப்போட்டியோ?" என்று உள்ளே இருந்த ஒரு அம்மா கேட்டார். கலா இல்லையென்று தலையாட்டினாள். அந்த அம்மா வாங்கிலில் நகர்ந்து இடம் விட்டார். கலா கொஞ்ச நேரம் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் வெளியே வெயிலில் நின்றேன்.

பஸ் நிலையத்துக் கடையில் தேத்தண்ணி வாசம் மூக்கில் அடித்தது. "குடியுங்கோ அண்ணை, எனக்காகப் பாக்காதேங்கோ" என்றாள். மனம் வரவில்லை. மாங்குளம் பஸ் வந்தது. படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள்.

"ஊரில ஆரும் கேட்டா, அவருக்கு ஐம்பத்திரண்டு நடக்குது எண்டு சொல்லுங்கோ."

என் பஸ் ஆனையிறவில் வந்துகொண்டிருந்தபோது பாலண்ணையின் அழைப்பு. வற்றிய நீரேரியில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. "என்னவாம்? சொல்லிப்போட்டாளோ?" என்று கேட்டார்.

அவள் சொன்னதையே சொன்னேன்.

"தவராசாவுக்கு இப்ப ஐம்பத்திரண்டு வயசாம், பாலண்ணை."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"இன்னும் ஆகேல்ல" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அவனுக்கு வாற ஆவணியிலதான் ஐம்பத்திரண்டு."