புல்லை விட்டுவைத்தவள்

இலங்கை மலைநாட்டின் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எனக்குப் பக்கத்துத் தேயிலை வரிசையான நிரையில் வேலை செய்த ஒருத்தியை இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன்.

தேயிலைக்கு நடுவே ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது அப்போது தோட்டத்தை நடத்திய துரையின் கட்டளை. நாங்கள் எல்லோரும் சுரண்டியால் மலைச்சரிவை வழித்துத் துப்புரவாக்கினோம். அவள் மட்டும் தன் பங்கில், சரிவுக்குக் குறுக்கே மூன்று வரிசைப் புல்லை விட்டுவைத்தாள்.

எங்களை வேலை வாங்கும் கங்காணி அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "ஏன் இதைச் சுரண்டாம விட்டே?"

"வேரு மண்ணைப் புடிச்சுக்கிட்டு இருக்குங்க. இதையும் எடுத்துட்டா மண்ணு பூரா ஓடையில போயிரும்."

"நாளைக்கு ஒரு புல்லு நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவளுக்காக நான் பயந்தேன்.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை; யாரும் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. வெயில் வந்ததும் மலையேறிப் பார்த்தோம். என் நிரையில் தேயிலையின் வேர்கள் வெளியே தெரிந்தன. மேல்மண் முழுவதும் கீழே ஓடையில் கிடந்தது. அவள் பங்கிலோ ஒவ்வொரு புல்வரிசைக்கும் மேற்புறத்தில் மண் தேங்கி நின்றது.

துரையும் வந்து பார்த்தார். அவள் ஒரு புல்லைப் பிடுங்கி அவர் முன் நீட்டினாள். வேரோடு கையளவு மண்கட்டி வந்தது.

"இம்புட்டு மண்ணையும் இந்தச் சின்ன வேருதாங்க வச்சிருக்கு."

துரை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செங்குத்தான இடங்களில் எல்லாம் இப்படியே புல் விடச் சொன்னார்.

அன்று மத்தியானம் கங்காணியே அவளிடம் வந்தார். "எவ்வளவு தூரத்துக்கு ஒரு வரிசை விடணும்?"

அவள் சரிவில் இறங்கி, கம்பால் இடம் குறித்துக்கொண்டே போனாள். நாங்கள் அவள் பின்னால் நடந்தோம்.