பந்தியில் கிடைத்த பதில்

சென்ற மழைக்காலத்தில் நான் ரொம்பவே ஓய்ந்துபோயிருந்தேன். வில்லியனூர் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கன்ட்ரோல் ரூம் என் பொறுப்பு. ஆலையில் இருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ரெக்கார்டு உண்டு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு மீட்டராகக் கேட்டு, திரையில் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் திடீரென்று மந்தமாகிவிட்டது. திரையில் தெரிவது பழைய சூடு. ரியாக்டர் தொட்டிக்குள் கொதிப்பது வேறு சூடு.

அங்கே நின்றவன் செல்வம். மடுகரைக்காரன், என் வண்டியில்தான் வேலைக்கு வருவான். நான் போனில் சொல்வதை நம்பி ஸ்டீம் வால்வைத் திறந்து மூடுவான். ஒரு நாள் திரையில் இருந்த சூட்டை நம்பி, "இன்னும் கொஞ்சம் திற" என்றேன். கலவை பொங்கி அவன் கையில் தெறித்தது.

"பரவால்ல வுடுண்ணா, கொப்புளம்தான்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "திங்கக்கிழம அடுத்த பேட்ச் சரக்கு ஓடணும். நீ சரி பண்ணாலும் ஓடும், பண்ணாட்டியும் ஓடும்." செல்வம் மறுபடி அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். அடுத்த முறை கையோடு போகுமா?

கேபிள் மாற்றினேன். சர்வரை அணைத்துப் போட்டேன். பழைய டேட்டாவைக் குறைத்தேன். சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள், "நெட்வொர்க்கைப் பாருங்க சார்" என்று கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார்கள். பார்த்துப் பார்த்து என் கண்தான் பூத்துப்போனது.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போட்டேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "முடியலப்பா ஆண்டவரே. அவனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது." அவ்வளவுதான். அழுதபடியே தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபையில் அன்பின் விருந்து. சாப்பிட மனமில்லை, என் மனைவி மேரி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சாம்பார் வாளியோடு வந்த தாவீது அண்ணன், ஆளில்லாத ஓர் இலை முன் நின்றுவிட்டார்.

"யாருதுபா இந்த எல? வராங்களா, இல்லியா?"

பதில் இல்லை. அவர் நகரவும் இல்லை. வரிசைக் கடைசியில் நாங்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆளே இல்லாத எலைக்கு இன்னா காவலு? இங்க பசிக்குதுண்ணா!" என்று மேரி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று எங்கள் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது.

பாயிலர் பக்கம் மழையில் கெட்டுப்போன ஒரு மீட்டரைக் கழற்றியிருந்தோம். கம்ப்யூட்டரில் அதன் ரெக்கார்டு மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்யூட்டர் அந்த இல்லாத மீட்டரைக் கேட்டு, பதிலுக்காக நின்று, அதன் பிறகே அடுத்ததற்குப் போயிருக்கிறது. ரியாக்டரின் சூடு அதற்குப் பின்னால் காத்துக் கிடந்திருக்கிறது.

சாப்பிட்ட கையோடு ஆலைக்கு ஓடினேன். அந்த ரெக்கார்டை நிறுத்தினேன். எண்கள் மளமளவென்று மாறத் தொடங்கின.

திங்கட்கிழமை செல்வம் வால்வைத் திறந்ததுமே திரையில் சூடு ஏறியது. "மூடு" என்றேன். மூடினான். பொங்கவில்லை.

"இன்னாண்ணா, அழுவுறியா?" என்றான் போனில். ஆமாம் என்றேன்.

இப்போது தினமும் வண்டியை எடுக்கும் முன் எங்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். செல்வம் வேறு சாமி கும்பிடுகிறவன். ஆனாலும் நான் முடிக்கும் வரை காத்து நிற்பான். களைப்பு போய்விடவில்லை. ஷிஃப்ட் வேலை அப்படித்தான். தனியாகச் சுமக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஓய்ந்துபோன சகோதரரே, சகோதரியே, நல்ல வார்த்தை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நான் அரைத் தூக்கத்தில் முனகியதையே என் கர்த்தர் கேட்டார். உங்களுடையதையும் கேட்பார்.